வலிப்பு மருந்தும் கண் பார்வையும்: கண்காணிப்பு யாருடைய கடமை?

ஒரு மருந்து நோயைத் தணிக்கிறதா என்னும் வினாவுக்கு விடை காண்பது பெரும்பாலும் எளிது. அம்மருந்து உடலின் வேறோர் உறுப்புக்குத் தீங்கு செய்கிறதா என்னும் வினாவுக்கு விடை காண்பது அவ்வளவு எளிதன்று. வலிப்பு நின்றுவிட்டால் அதனைத் தாய் அறிவாள். அண்டை வீட்டாரும் அறிவர். ஆனால், குழந்தையின் பார்வை ஓரங்களிலிருந்து மெல்லச் சுருங்கி வருமானால், அதனைத் தாயும் அறியாள், ஆசிரியரும் அறியார், அக்குழந்தையும் அறியாது. தேடிச் சென்று சோதித்துப் பார்ப்பவர்க்கு மட்டுமே அது புலப்படும்.

இவ்வுண்மையை மருத்துவ உலகுக்கு உணர்த்திய மருந்துகளுள் ஒன்று விகாபாட்ரின் என்பது. கைக்குழந்தைகளுக்கு நேரும் ஒருவகைக் கொடிய வலிப்புக்கும், வேறு மருந்துகளால் அடங்காத சில வலிப்புகளுக்கும் இது கொடுக்கப்படுகிறது. பலருக்கு இது பெரும் நன்மை செய்துள்ளது. சிலருக்கு மீளாத பார்வைக் குறையையும் உண்டாக்கியுள்ளது. இவ்விரண்டும் உண்மையே, இவற்றுள் ஒன்றை மட்டும் கூறுவது நேர்மையாகாது.

இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. இம்மருந்துக்கு அஞ்சி அதனை விலக்குதலும் தவறு. கொடுத்துவிட்டுக் கவனியாதிருத்தலும் தவறு. குறித்த நாளில் கண்ணைச் சோதித்து, அந்நாளிலேயே இம்மருந்து இன்னும் தேவைதானா என்று கேட்டு முடிவு செய்யும் ஒழுங்கே இதற்குரிய பாதுகாப்பாகும். அவ்வொழுங்கு பெரிய மருத்துவமனையில் தொடங்கலாம். ஆயினும் அது நிலைபெறுவதும் தளர்வதும் கிராமத்திலும், அங்கன்வாடியிலும், பள்ளிக்கூடத்திலுமே ஆகும்.

மருந்து ஏன் தேவைப்படுகிறது?

1841-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்னும் மருத்துவர், 'லான்செட்' என்னும் மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர் அதில் விவரித்த நோயாளி அவருடைய சொந்த மகனே. நலமாகப் பிறந்த அக்குழந்தை சில மாதங்களுக்குப் பின்னர்த் தலையைத் திடீரென முன்னே குனிந்து குனிந்து எழத் தொடங்கியது. அத்தகைய குனிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து வந்தன. நாளடைவில் அக்குழந்தையின் அறிவு வளர்ச்சியும் தடைப்பட்டது. அக்காலத்தில் அறியப்பட்டிருந்த சிகிச்சைகள் எவையும் பயன் தரவில்லை. அந்நோய் இன்று அவர் பெயராலேயே வெஸ்ட் நோய்க்கூட்டம் என்று வழங்கப்படுகிறது. குனிந்து வணங்குவது போல் தோன்றுவதால் 'சலாம்' வலிப்பு என்றும் இதனைக் கூறுவதுண்டு.

இந்நோய் பெரும்பாலும் 3 மாதம் முதல் 12 மாதம் வரையுள்ள குழந்தைகளைத் தாக்குகிறது. கைகள் முன்னே விரிய, தலை தாழ, உடல் ஒரு நொடி மடங்கும், பின் தளரும். சில நொடிகளில் மீண்டும் அவ்வாறே நிகழும். தூங்கி விழிக்கும் வேளையில் இது மிகுதி. கை கால்களை உதறி, வாயில் நுரை தள்ளும் வலிப்பையே மக்கள் வலிப்பென அறிந்திருக்கின்றனர். ஆதலால், இதனை வெறும் திடுக்கிடல் என்றோ, வயிற்றுவலி என்றோ, குழந்தையின் விளையாட்டு என்றோ எண்ணிவிடுகின்றனர். நம் நாட்டில் இவ்வலிப்பு அடையாளம் காணப்படுவதற்குள் பல வாரங்களும், சில வேளைகளில் மாதங்களும் கழிந்துவிடுகின்றன என்பது குழந்தை நரம்பியல் நிபுணர்கள் பலகாலும் எடுத்துக் கூறிவரும் குறையாகும்.

கழியும் ஒவ்வொரு வாரமும் அக்குழந்தைக்கு இழப்பே. வளரும் மூளை இவ்வலிப்பினால் தடுமாறுகிறது. கற்ற சிரிப்பையும், முகம் பார்த்தலையும் குழந்தை மறந்துவிடுகிறது. ஆகவே விரைவான சிகிச்சை இன்றியமையாதது. ஏ.சி.டி.எச். என்னும் ஹார்மோன் ஊசி, பிரெட்னிசலோன் என்னும் ஸ்டிராய்டு மருந்து, விகாபாட்ரின் ஆகிய மூன்றும் இந்நோய்க்குரிய முதன்மையான சிகிச்சைகளாக உள்ளன. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்னும் பிறவி நோயினால் இவ்வலிப்பு தோன்றியிருந்தால், விகாபாட்ரின் மற்றவற்றினும் சிறந்த பயன் தருவதாகக் கருதப்படுகிறது. குழந்தையின் தோலில் இலை வடிவமான வெளிறிய திட்டுகள் காணப்படுவது அப்பிறவி நோயின் அடையாளங்களுள் ஒன்று. களப்பணியாளர் இதனை நினைவில் வைத்தல் நலம்.

இம்மருந்து செயற்படும் முறையும் சுருக்கமாக அறியத்தக்கதே. மூளையின் நரம்பணுக்கள் மிகையாகக் கிளர்ச்சியுறாமல் அடக்கி வைக்கும் இயற்கைப் பொருள் காபா எனப்படுவது. அப்பொருளைச் சிதைக்கும் நொதியொன்று உடலில் உள்ளது. விகாபாட்ரின் அந்நொதியை மீளாவண்ணம் முடக்கிவிடுகிறது. அதனால் மூளையில் காபாவின் அளவு உயர்ந்து வலிப்பு அடங்குகிறது. ஆனால், காபா மூளையில் மட்டும் உள்ள பொருளன்று. விழித்திரையிலும் அது உள்ளது. விலங்குகளில் நடந்த ஆய்வுகள் இம்மருந்து மூளையைக் காட்டிலும் விழித்திரையில் மிகுதியாகச் சேர்வதைக் காட்டியுள்ளன.

எட்டு ஆண்டுகள் புலப்படாதிருந்த தீங்கு

விகாபாட்ரின் முதன்முதலாகப் பிரிட்டனில் 1989-ஆம் ஆண்டில் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன்னரே இம்மருந்தைப் பற்றி ஓர் அச்சம் நிலவியது. எலிகளுக்கும் நாய்களுக்கும் இதனைக் கொடுத்துச் சோதித்தபோது, மூளையின் வெண்பகுதியில் நுண்ணிய குமிழிகள் போன்ற மாறுதல்கள் தோன்றின. அதனால் 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மனிதர் மீது நடந்துவந்த சோதனைகள் நிறுத்திவைக்கப்பட்டன; பின்னர் மீண்டும் தொடங்கின. நிபுணர்களின் கவனம் முழுவதும் மூளையின் மீதே இருந்தது.

தீங்கோ வேறு வழியில் வந்தது. 1997-ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் மருத்துவ இதழில், மூன்று நோயாளிகளைப் பற்றிய சிறு கட்டுரையொன்று வெளிவந்தது. மூவரும் விகாபாட்ரின் உண்டவர்கள். மூவருக்கும் பார்வைப்புலம் கடுமையாகச் சுருங்கியிருந்தது. மருந்தை நிறுத்திய பின்னரும் அது மீளவில்லை. அதன்பின் பல நாடுகளிலும் மருத்துவர்கள் தேடிப் பார்த்தனர். தேடிய இடமெல்லாம் இக்குறை காணப்பட்டது. இம்மருந்தை உண்போரில் 100-க்கு 30 பேருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ நிலையான பார்வைப்புலச் சுருக்கம் ஏற்படக்கூடும் என்று அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து எச்சரிக்கை கூறுகிறது. அதன் கடுமை ஆளுக்கு ஆள் வேறுபடும்.

அனுமதி வழங்கிய ஆண்டுக்கும் அக்கட்டுரை வெளிவந்த ஆண்டுக்கும் இடையே 8 ஆண்டுகள் கழிந்தன. இத்தனை பெரிய குறை இத்தனை காலம் ஏன் புலப்படவில்லை? இவ்வினாவே நமக்கு முக்கியமானது. ஏனெனில் இதற்குரிய விடை நம் பள்ளிக்கூடங்களுக்கும் பொருந்தும்.

நாம் ஒரு பொருளை உற்று நோக்கும்போது, அப்பொருள் விழித்திரையின் நடுப்பகுதியில் விழுகிறது. எழுத்துகளைப் படிப்பதும், முகங்களை அறிவதும் அந்நடுப்பகுதியால்தான். ஆனால், கண் அதனை மட்டும் காண்பதில்லை. நேரே நோக்கியிருக்கும்போதே வெளிப்புறம் ஏறத்தாழ 90 பாகைக்கு மேலும், மூக்குப்புறமும் மேற்புறமும் ஏறத்தாழ 60 பாகையும், கீழ்ப்புறம் 70 பாகைக்கு மேலும் நம்மால் உணர முடிகிறது. இப்பரப்பு முழுவதுமே பார்வைப்புலம் எனப்படும். தெருவில் ஒரு பக்கமிருந்து வரும் மிதிவண்டியையும், காலருகே கிடக்கும் கல்லையும் நமக்கு அறிவிப்பது ஓரப் பார்வையே.

விகாபாட்ரினால் நேரும் தீங்கு பெரும்பாலும் இவ்வோரத்திலிருந்தே தொடங்குகிறது. பொதுவாக மூக்குப்புறத்தில் முதலில் தோன்றுகிறது. இரு கண்களிலும் ஒருசேர நிகழ்வதால் ஒரு கண்ணை மற்றதோடு ஒப்பிட்டு அறிவதற்கும் இடமில்லை. நடுப்பார்வை பெரும்பாலும் கெடாது நிற்கிறது. ஆகவே 6 மீட்டர் தொலைவில் மாட்டப்பட்ட எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னால், இக்குறையுடைய சிறுவன் கடைசி வரி வரையிலும் படித்துவிடுவான். அவனுடைய அட்டையில் 6/6 என்று எழுதப்படும். சோதித்தவர் பிழை செய்யவில்லை. சோதனையே வேறொன்றைச் சோதிக்கிறது. குழாய் வழியே பார்ப்பவன் தொலைவிலுள்ள எழுத்தைப் படிக்கலாம். காலடியிலுள்ள படியைக் காணமாட்டான்.

நோயாளிகளும் முறையிடவில்லை. மெல்ல மெல்ல நேரும் இழப்பை மனம் உணர்வதில்லை. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஈடுசெய்து கொள்கிறது. தடுக்கி விழுந்தால் வலிப்பு நோயாளி என்பதால் விழுந்தான் என்றனர். பொருள்களில் மோதினால் மந்தம் என்றனர். முறையீடு இல்லாமையே தீங்கு இல்லாமைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. இதுவே அந்த 8 ஆண்டுகள் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

கண்காணிப்பு எதனைச் செய்யும், எதனைச் செய்யாது?

2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்கா இம்மருந்தை அனுமதித்தபோது, கடுமையான எச்சரிக்கையையும், மருத்துவர், நோயாளி, மருந்துக்கடை ஆகிய மூவரையும் பதிவு செய்யும் தனித் திட்டத்தையும் உடன் விதித்தது. அத்திட்டத்தின் கட்டாயங்கள் பின்னாளில் தளர்த்தப்பட்டன. ஆயினும், மருந்து தொடங்கிய 4 வாரத்துக்குள் முதற்சோதனை, பின்னர் 3 மாதத்துக்கு ஒரு முறை, மருந்தை நிறுத்திய பின் 3 முதல் 6 மாதத்துக்குள் ஒரு முறை என்னும் ஒழுங்கு அம்மருந்தின் குறிப்பேட்டில் இடம் பெற்றது. ஐரோப்பிய நாடுகளில் 6 மாதத்துக்கு ஒரு முறை சோதிக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது.

பெரியவர்களுக்கும், ஏறத்தாழ 9 வயது நிரம்பிப் புரிந்து ஒத்துழைக்கக்கூடிய சிறுவர்க்கும், பெரிமீட்டர் என்னும் கருவியால் பார்வைப்புலத்தை அளந்தறியலாம். கைக்குழந்தைக்கு அது இயலாது. விழித்திரை ஒளிக்கு எழுப்பும் மின்னலைகளைப் பதிவு செய்யும் எலெக்ட்ரோ ரெட்டினோகிராம் என்னும் சோதனை அவர்களுக்குச் செய்யப்படுகிறது. இவ்வசதி பெருநகர மருத்துவமனைகள் சிலவற்றிலேயே உண்டு. குழந்தைக்கு மயக்க மருந்தும் தேவைப்படலாம்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்கலாகாது. கண் சோதனை பார்வைக் குறையைத் தடுப்பதில்லை. நேர்ந்துவிட்ட குறையைக் காட்டுகிறது. காட்டப்பட்ட குறையும் பெரும்பாலும் மீள்வதில்லை. மருந்து தொடங்கிச் சில வாரங்களிலும் அது தோன்றலாம். சில ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம். மருந்தின் மொத்த அளவும், உண்ட காலமும் மிகுந்தால் அபாயமும் மிகும். எனினும் இவ்வளவு வரை அபாயமே இல்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை. அவ்வாறாயின், சோதனையால் பயன் யாது என்று சிலர் வினவுகின்றனர்.

பயன் இரண்டு. ஒன்று, மேலும் இழப்பு நேராமல் நிறுத்த வாய்ப்புத் தருவது. மற்றொன்று அதனினும் பெரியது. சோதனைக்கெனக் குறிக்கப்படும் நாள், மருந்தைத் தொடர வேண்டுமா என்று முடிவு செய்யும் நாளாகவும் அமைகிறது. கைக்குழந்தையின் வலிப்பில் இம்மருந்து பயன் தருமா என்பது 2 முதல் 4 வாரங்களுக்குள் தெரிந்துவிடும். பயன் தராவிடில் அதனைத் தொடர்வதில் பொருளில்லை. பெரியவர்க்கு இம்முடிவு 3 மாதத்துக்குள் எடுக்கப்பட வேண்டும். பயன் தந்தாலும், குழந்தைகளுக்குக் குறுகிய காலம் மட்டுமே கொடுத்து, ஏறத்தாழ 6 மாதத்தில் நிறுத்துவதைப் பல நிபுணர்கள் ஆதரிக்கின்றனர். 2014-ஆம் ஆண்டில் வெளியான கனடா நாட்டு ஆய்வொன்றில், இம்மருந்தை உண்ட குழந்தைகளிடையே விழித்திரைப் பாதிப்பின் அறிகுறி 6 மாதத்தில் ஏறக்குறைய 100-க்கு 5 பேரிடமும், 12 மாதத்தில் ஏறக்குறைய 100-க்கு 13 பேரிடமும் காணப்பட்டது. காலத்தின் மதிப்பை இவ்வெண்களே கூறும்.

நம் நாட்டில் அஞ்சத்தக்கது யாதெனில், மருத்துவர் நன்கு ஆராய்ந்து 6 மாதத்துக்குக் கொடுத்த மருந்தன்று. குடும்பம் வேலை தேடி வேறு மாநிலம் சென்றபின், பழைய சீட்டைக் காட்டி மீண்டும் மீண்டும் வாங்கப்படும் மருந்தே அஞ்சத்தக்கது. வலிப்பு நின்றுவிட்டது, ஆகவே மருந்து நல்ல மருந்து, ஆகவே அதனை நிறுத்தலாகாது என்று பெற்றோர் கருதுவது இயல்பே. அவர்கள் மீது குறை கூறுவதற்கில்லை. எந்நாளில் நிறுத்துவது என்று அவர்களுக்கு எழுதிக் கொடுத்தவர் இல்லையென்பதே குறை.

சில ஆட்சேபங்கள்

இத்தகைய அபாயத்தை ஏழை எளிய தாய்மாரிடம் கூறினால் அவர்கள் அஞ்சி மருந்தையே நிறுத்திவிடுவர் என்பது முதல் ஆட்சேபம். இது முற்றிலும் பொருளற்றதன்று. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் இடைவிடாத வலிப்பு தோன்றி உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆயினும், கூறாதிருத்தல் இதற்குப் பரிகாரமாகாது. அரைகுறையாக யாரோ கூறக் கேட்டு நிறுத்தும் தாயைவிட, முழுதும் கூறக் கேட்டுக் குறித்த நாளில் மருத்துவரிடம் வரும் தாயே குழந்தைக்குப் பாதுகாப்பானவள். வலிப்பு அறிவைக் கெடுக்கும், மருந்து ஓரப் பார்வையைக் கெடுக்கலாம், முதலது உறுதியான இழப்பு, இரண்டாவது நேரக்கூடிய இழப்பு, ஆகவே கொடுக்கிறோம், ஆகவே சோதிக்கிறோம். இதனை எழுத்தறியாத தாய்க்கும் நாலு வாக்கியத்தில் விளக்க முடியும்.

களப்பணியாளர்க்கு ஏற்கெனவே பதிவேடுகள் மிகுதி என்பது இரண்டாவது ஆட்சேபம். இதுவும் உண்மையே. ஆகவே நாம் புதிய பதிவேடு ஒன்றையும் கோரவில்லை. குழந்தையின் தடுப்பூசி அட்டையிலோ, மருத்துவமனைச் சீட்டிலோ ஒரு வரி சேர்த்தால் போதும். மருந்தின் பெயர், தொடங்கிய நாள், அடுத்த கண் சோதனை நாள், மருந்தை நிறுத்துவது பற்றி முடிவு செய்யும் நாள் ஆகிய நான்கே அவ்வரியில் இருக்க வேண்டியவை.

இம்மருந்தை உண்பவர் மிகச் சிலரே. அவர்களுக்காக இத்தனை முயற்சி ஏன் என்பது மூன்றாவது ஆட்சேபம். நம் நாட்டில் வலிப்பு நோயாளிகள் ஒரு கோடி அளவில் உள்ளனர் என மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் உண்பவை ஃபீனோபார்பிட்டோன், ஃபெனிட்டாயின், கார்பமசெபின், வால்புரோயேட் போன்றவையே. இவை இவ்வாறு பார்வைப்புலத்தைச் சுருக்குவதாக அறியப்பட்டவை அல்ல. இதனைத் தெளிவாகக் கூறி வீண் அச்சத்தைத் தவிர்த்தல் வேண்டும். ஆயினும் கண்ணுக்குத் தீங்கு செய்யக்கூடிய வலிப்பு மருந்து விகாபாட்ரின் ஒன்று மட்டுமன்று. டோபிராமேட் என்னும் மருந்து, தொடங்கிய முதல் மாதத்துக்குள் சிலருக்குத் திடீர்க் கிட்டப்பார்வையையும், கண்ணழுத்த உயர்வையும், கடும் வலியையும் உண்டாக்குவதுண்டு. உடனே கண்டு மருத்துவர் நிறுத்தினால் பார்வை காக்கப்படும். ரெட்டிகாபைன் என்னும் மருந்து விழித்திரையில் நிறமாற்றம் உண்டாக்குவதாக 2013-ஆம் ஆண்டில் எச்சரிக்கை வெளியாயிற்று. 2017-ஆம் ஆண்டில் அது சந்தையிலிருந்தே விலகியது. ஒரு மருந்தைக் கவனிக்கப் பழகிய கண் மற்ற மருந்துகளையும் கவனிக்கும். நாளை வரவிருக்கும் மருந்துகளுக்கும் அப்பழக்கமே காவல்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

வலிப்பு உள்ள குழந்தையின் வீட்டுக்குச் செல்லும் ஆஷா ஊழியரும், கிராம சுகாதாரச் செவிலியரும், மருந்து கொடுக்கிறீர்களா என்று கேட்பதோடு நிறுத்தாமல், மருந்துப் பட்டையையே வாங்கிப் பெயரைப் படித்தல் வேண்டும். விகாபாட்ரின் எனக் கண்டால், எந்நாளில் தொடங்கினார்கள், மருத்துவரை இறுதியாகக் கண்டது எப்போது என்று கேட்க வேண்டும். 3 மாதத்துக்கு மேலாகியும் மருத்துவரைக் காணவில்லையெனில், அக்குழந்தையை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பதே அவர் செய்யும் பேருதவி. மருந்தை நிறுத்தும்படி மட்டும் கூறலாகாது. நிறுத்துவதும் படிப்படியாகக் குறைப்பதும் மருத்துவர் கையில் உள்ளவை.

மருந்தின் அளவையும் பார்க்க வேண்டும். கைக்குழந்தைக்குத் தாய்மார் இதனை நீரில் கரைத்தே கொடுக்கின்றனர். 500 மில்லிகிராம் மருந்தை 10 மில்லிலிட்டர் நீரில் கரைத்தால், ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் இருக்கும். தேக்கரண்டியால் தோராயமாக நீர் விட்டால் இக்கணக்கு தவறிவிடும். ஊசி நீக்கிய பீச்சுக்குழலால் நீரையும், பின் மருந்தையும் அளக்கும்படி ஒருமுறை எதிரில் செய்து காட்டுதல், பலமுறை சொல்லுதலினும் சிறந்தது.

ஆசிரியர்க்குரிய பணி வேறு. வலிப்புக்கு மருந்துண்ணும், அல்லது கைக்குழந்தைப் பருவத்தில் மருந்துண்ட மாணவன் வகுப்பில் இருப்பானாயின், அவன் நடையைக் கவனிக்க வேண்டும். கரும்பலகையைத் தெளிவாகப் படிப்பவன் கதவு நிலையில் இடித்துக் கொள்கிறானா? பக்கத்திலிருந்து வரும் பந்தைக் காணாமல் விடுகிறானா? படி இறங்கும்போது காலால் துழாவுகிறானா? அருகில் வந்து நிற்பவரைக் கண்டு திடுக்கிடுகிறானா? இவற்றுள் எது பலமுறை நிகழினும் பெற்றோரிடம் கூறி, பார்வைப்புலச் சோதனைக்கு அனுப்புதல் வேண்டும். எதிரெதிரே அமர்ந்து, ஒரு கண்ணை மூடச் செய்து, விரலைப் பக்கத்திலிருந்து கொணர்ந்து காட்டும் எளிய சோதனையை ஆசிரியர் செய்து பார்க்கலாம். அதில் குறை தெரிந்தால் அது குறையே. தெரியாவிட்டால் குறை இல்லையென்று கொள்ளலாகாது. பெருங்குறையை மட்டுமே அது காட்ட வல்லது.

2013-ஆம் ஆண்டில் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்கிரம் என்னும் சிறார் நலத் திட்டத்தின் கீழ், மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், பள்ளிகளுக்கு ஒருமுறையும் செல்ல வேண்டுமென்பது விதி. அவர்கள் கண்டறிய வேண்டிய குறைகளுள் வலிப்பும் உண்டு. பார்வைக் குறையும் உண்டு. ஆனால், இவ்விரண்டும் இருவேறு வரிகளில் எழுதப்படுகின்றன. வலிப்பு என்னும் வரியில் குறியிட்ட குழந்தைக்கு என்ன மருந்து என்று கேட்டு, விகாபாட்ரின் என்றால் எழுத்து அட்டையோடு நிறுத்தாமல் கண் நிபுணரிடம் அனுப்பும் வழக்கத்தை ஏற்படுத்துவது எளிது. அதற்குப் புதிய பணமும் வேண்டா. புதிய ஆளும் வேண்டா. இரு வரிகளையும் சேர்த்துப் படிக்கும் எண்ணம் ஒன்றே வேண்டுவது.

கைக்குழந்தையாயிருந்தபோது இம்மருந்தை உண்டு, இன்று 9 வயதை எட்டியுள்ள சிறுவர்களை நாம் மறந்துவிடலாகாது. அப்பொழுது பெரிமீட்டர் சோதனைக்கு அவர்கள் உட்பட இயலவில்லை. இன்று அவர்களுள் பலருக்கு அது இயலும். குறை காணப்பட்டால் பார்வையைத் திருப்பித் தர முடியாதென்பது உண்மை. ஆனால், வகுப்பில் உட்காரும் இடமும், சாலையைக் கடக்கும் பயிற்சியும், பிற்காலத்தில் தேர்ந்தெடுக்கும் தொழிலும் அதனையொட்டி அமையலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், எழுத்து அட்டையின் அளவை மட்டும் கொண்டு பார்வைக் குறையை வரையறுக்கவில்லை. பார்வைப்புலம் 40 பாகைக்குக் குறைந்து 10 பாகை வரை சுருங்கியிருந்தால் அதனைக் குறைபார்வை என்றும், 10 பாகைக்கும் குறைந்தால் பார்வையின்மை என்றும் அச்சட்டம் கொள்கிறது. எழுத்து அட்டையில் 6/6 பெற்றவனும் சட்டத்தின் உதவிக்கு உரியவனாக இருக்கலாம் என்பதை ஆசிரியர் அறிந்திருத்தல் நலம்.

இறுதியாக, தெரிவித்தல். மருந்தினால் நேரும் தீங்குகளைத் திரட்டுவதற்கென நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டில் ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் 2011-ஆம் ஆண்டு முதல் அதன் மைய அலுவலகமாக உள்ளது. மருத்துவர் மட்டுமன்றிச் செவிலியரும், மருந்தாளுநரும், நோயாளியின் குடும்பத்தாரும் அத்திட்டத்துக்குத் தெரிவிக்கலாம். 1800-180-3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் உண்டு. மருந்துதான் காரணம் என்று நிரூபித்த பின்னரே தெரிவிக்க வேண்டுமென்பதில்லை, ஐயமே போதும். 1997-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தச் சிறு கட்டுரையும் மூன்றே நோயாளிகளைப் பற்றியதுதான். அம்மூவரைக் கவனித்தவர்கள் எழுதாதிருந்தால், எட்டு ஆண்டுகள் பத்தாகியிருக்கும், பதினைந்தும் ஆகியிருக்கலாம்.

மருந்தைக் கண்டுபிடிப்பது விஞ்ஞானிகளின் கடமை. கொடுப்பது மருத்துவரின் கடமை. கொடுத்தபின் என்ன நேர்கிறது என்று காண்பது, குழந்தையை நாள்தோறும் காண்பவர்களின் கடமை. நகரத்து நிபுணர் அக்குழந்தையை ஆண்டில் நான்கு முறை காணலாம். அங்கன்வாடி ஊழியரும் ஆசிரியரும் ஆண்டில் இருநூறு நாள் காண்கின்றனர். அவர்கள் கேட்கும் ஒரு கேள்வியும், அட்டையில் எழுதும் ஒரு தேதியும், வலிப்பு நீங்கிய குழந்தைக்குப் பார்வையையும் காத்துத் தரக்கூடும்.